வெரி என்றால் ஓட வேண்டும்

திருப்பதியில் அந்தப் பெண்கள் ஆஸ்பத்திரியில் தாட்சாயணிக்கு இரண்டு வேலை. ஒன்று பதிவேட்டில் இருந்தது, வார்டு ஆயா என்று. அவள் பிறந்த பக்கத்தில் ஆயா என்றால் பாட்டி. முப்பத்தொரு வயதில் ஊரே பாட்டி என்று கூப்பிட்டால் யாருக்குத்தான் பற்றிக்கொண்டு வராது? இன்னொரு வேலை எந்தப் பதிவேட்டிலும் இல்லை. டாக்டரம்மாவுக்கு அவள்தான் வாய், அவள்தான் காது.

டாக்டரம்மா கல்கத்தாக்காரர். பெயர் லாகிரி. பெயர்தான் லாகிரியே தவிர, அம்மா டீயைக்கூடச் சர்க்கரை இல்லாமல் குடிக்கிற பேர்வழி. வங்காளி தெரியும், இங்கிலீஷ் தெரியும். தமிழும் தெலுங்கும் சுத்தமாகத் தெரியாது. நர்ஸுகள் இரண்டு பேரில் ஒருத்தி நெல்லூர், இன்னொருத்தி கொல்லம். நகரி, புத்தூர்ப் பக்கத்து எல்லைக் கிராமங்களிலிருந்து வருகிற பெண்கள் "வவுறு ஒரு மாதிரியா கீதும்மா" என்று ஆரம்பித்தால் இருவரும் திருதிருவென்று முழிப்பார்கள். உடனே தாட்சாயணியைத் தேடுவார்கள். அவள் துடைப்பத்தைச் சுவரில் சாத்திவிட்டு, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து நிற்பாள்.

இங்கிலீஷ் அவளுக்குப் பள்ளிக்கூடத்தில் வந்ததல்ல. அவள் நைனா கங்கையா ரேணிகுண்டா ஜங்ஷனில் பாயிண்ட்ஸ்மேன். அங்கே ரயில்வே குவார்ட்டர்ஸில் சட்டைக்காரர் என்று ஊர் சொல்லும் ஆங்கிலோ-இந்தியக் கார்டு ஒருவர் வீட்டுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுக்கிற சாக்கில், ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயதுவரை அந்த வீட்டுச் சமையலறையிலேயே வளர்ந்தாள். அந்த வீட்டம்மா திட்டுவதெல்லாம் இங்கிலீஷில்தான். திட்டு வாங்கிக் கற்ற பாஷை லேசில் மறக்காது.

ஆனால் அந்த இங்கிலீஷில் ஒரே ஒரு வார்த்தை அவளைச் சந்திக்கு இழுத்தது. 'வெரி' என்ற வார்த்தை.

நடந்தது இதுதான். சித்தூரிலிருந்து வரலட்சுமி என்று ஒரு வீட்டுக்காரம்மா வந்தாள். கட்டிலில் விழுந்து, "ஐயோ, செத்தேன், இடுப்பு போச்சு" என்று ஒரே கூப்பாடு. தாட்சாயணிக்கு மனசு இளகிவிட்டது. டாக்டரம்மாவிடம் ஓடி, "வெரி, வெரி, வெரி நோவு டாக்டர்" என்று மூன்று வெரி போட்டுவிட்டாள். டாக்டரம்மா அப்போது பார்த்துக்கொண்டிருந்த பெண்ணை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தார். ஆபரேஷன் அறையைத் திறக்கச் சொன்னார். கடைசியில் பார்த்தால், அந்த அம்மாவுக்கு வாயுப் பிடிப்பு. ஓமத் தண்ணீர் குடித்து, ஏப்பம் விட்டு, நிம்மதியாக வீட்டுக்குப் போனாள். பாதியில் விட்டுவந்த பெண்ணுக்கு அதற்குள் ரத்தம் போய், அவள் பிழைத்தது பெரும்பாடாகிவிட்டது.

அன்றைக்கு டாக்டரம்மா கத்தவில்லை. கத்தியிருந்தால் தாட்சாயணிக்குப் பழகின விஷயம். அவர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து, ஒரு காகிதத்தில் மூன்று கோடு போட்டார். கீழ்க்கோடு 'ஸ்லைட்லி'. நடுக்கோடு 'ஃபேர்லி'. மேல்கோடு 'வெரி'.

"வெரி என்பது பாயசத்தில் தூவுகிற ஏலக்காய் இல்லை, தாட்சாயணி," என்றார் இங்கிலீஷில். "ஸ்லைட்லி என்று நீ சொன்னால் நான் மருந்து எழுதுவேன். ஃபேர்லி என்றால் கட்டில் தேடுவேன். வெரி என்று சொன்னால், கையில் இருப்பதைப் போட்டுவிட்டு நான் ஓட வேண்டும். அதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம். நான் ஓட வேண்டாத இடத்தில் அதைச் சொல்லாதே. நோயாளி சொன்னதை மட்டும் என்னிடம் கொண்டுவா. கூட்டாதே, குறைக்காதே. இன்னொரு தடவை உன் பங்குக்கு ஒரு சொல் சேர்த்தால், உனக்கு இங்கே வேலை இல்லை."

வேலை இல்லை என்றால் வீடும் இல்லை. ஆஸ்பத்திரிக்குப் பின்னால் தகரம் வேய்ந்த அந்த அறையைத் தவிர அவளுக்கு உலகத்தில் தலைசாய்க்க இடம் கிடையாது. நைனா போய்ச் சேர்ந்துவிட்டார். புருஷன் ஓலைப்பாக்கத்தில் வேறு ஒருத்தியோடு நன்றாகத்தான் இருக்கிறான்.

அந்த மூன்று கோட்டையும் மனசில் நிறுத்திக்கொள்ள அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். திருப்பதியில் எந்த ஜன்னலைத் திறந்தாலும் மலைதானே. அடிவாரத்து அலிபிரிதான் ஸ்லைட்லி. மூச்சு வாங்க ஏறி உட்காருகிற காலிகோபுரம் ஃபேர்லி. கடைசியில் கால் இரண்டும் கழன்றுவிடும்போல ஆகிற முழங்கால் முறிச்சான் படிகள்தான் வெரி. ஒவ்வொரு பெண்ணும் வாயைத் திறக்கும்போது, இவள் எந்தப் படியில் நிற்கிறாள் என்று மனசுக்குள் பார்த்துக்கொள்வாள். அதற்குமேல் ஒரு சொல் கூட்டுவதில்லை.

இப்படி ஒரு மாசம் போயிற்று. ஆந்திரம் தனியாகப் பிரிந்து அது மூன்றாவது வருஷம். எந்த ஊர் யாருக்கு என்ற வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. புத்தூரில் ஒரு நாள் கடையடைப்பு என்றால் நகரியில் மறுநாள் ஊர்வலம். பஸ் என்றைக்கு ஓடும், என்றைக்கு நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வியாழக்கிழமை மத்தியானம், மறுநாளிலிருந்து எல்லை முழுக்க ஹர்த்தால் என்று செய்தி வந்துவிட்டது. மறுபடி பஸ் எப்போது வரும் என்று கேட்டால் கண்டக்டர்களே கையை விரித்தார்கள்.

அன்றைக்குத்தான் செல்லியம்மா வந்தாள். நகரிக்கு அப்பால் ஒரு கிராமம். கரும்பு வெட்டப் போகிற கூலிக் குடும்பம். இருபது வயசுகூட இருக்காது. தலைப்பிள்ளை, எட்டு மாசம். கூட வந்த புருஷன் முனியப்பன் வாசலிலேயே நின்றுகொண்டு, ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வெயிலைப் பார்த்து நேரம் கணக்குப் பண்ணிக்கொண்டிருந்தான். நாலு மணி பஸ்தான் கடைசி.

டாக்டரம்மா கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். கொஞ்சம் ஏறியிருந்தது. காலை அமுக்கிப் பார்த்தார், விரல் பதிந்தது. முகமும் உப்பலாகத்தான் இருந்தது. ஆனால் இப்படிப் பத்துப் பேர் தினமும் வருகிறார்கள். கட்டில் எல்லாம் நிரம்பி, தரையில் பாய் போட்டு, பாய்க்கு நடுவில் கால் வைக்க இடமில்லாத நிலைமை. டாக்டரம்மா பேனாவை மூடாமல் கையில் வைத்துக்கொண்டு சொன்னார்: "தலைவலி எவ்வளவு என்று கேள். கண் பார்வை எப்படி என்று கேள். அதை வைத்துத்தான் இவளை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று முடிவு செய்யப் போகிறேன். இவை இரண்டும் கடுமையாக இருந்தால் வலிப்பு ஜன்னி வரும். ஜன்னி வந்தால் தாயும் போகலாம், பிள்ளையும் போகலாம்."

தாட்சாயணி குனிந்து கேட்டாள்.

"ஏம்மா, தலை நோவு எவ்ளோ கீது?"

"கொஞ்சம்க்கா."

"கண்ணு?"

"கொஞ்சம் மசமசன்னு கீது. அவ்ளோதான்க்கா."

தாட்சாயணிக்குச் சுருக்கென்றது. அந்தக் 'கொஞ்சம்' அவளுக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

அந்தப் பக்கத்து ஜனங்கள் 'ரொம்ப' என்ற சொல்லைச் சந்தையில் இறைப்பார்கள். ரொம்ப வெயில், ரொம்ப சந்தோஷம், ரொம்ப நாளாச்சு பாத்து. ஆனால் வயிற்றில் பிள்ளை தங்கிய நாளிலிருந்து அந்த வீட்டில் ரொம்ப என்ற பேச்சே கிடையாது. வாந்தி கொஞ்சம், நோவு கொஞ்சம், பயம் கொஞ்சம். ரொம்ப நோவுது என்று பிள்ளைத்தாச்சி வாய் தவறிச் சொல்லிவிட்டால் ஊர்த் தெய்வம் கங்கம்மா காதில் விழுந்துவிடுமாம். 'இதுவா ரொம்ப? இரு, ரொம்பன்னா இன்னான்னு காட்டறேன்' என்பாளாம். அதனால் மாமியார்கள் மருமகள் பக்கத்திலேயே இருப்பார்கள், அந்தச் சொல் வந்தால் கையால் வாயைப் பொத்த. பொத்திப் பொத்தி, கடைசியில் அந்தப் பெண்களுக்கு அந்த வார்த்தையே வாயில் வராமல் போய்விடும்.

இதெல்லாம் தெரிந்தும் அவள் தயங்கினாள். ஏனென்றால் சில பெண்களுக்குக் கொஞ்சம் என்றால் நிஜமாகவே கொஞ்சம்தான். எது எந்தக் கொஞ்சம் என்று யார் கண்டது? டாக்டரம்மா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று கோடும், வேலை இல்லை என்ற பேச்சும், தகர அறையும் ஒன்றாகக் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"ஸ்லைட்லி, டாக்டர்," என்றாள். "இரண்டும் ஸ்லைட்லி."

பேனா ஓடியது. உப்பைக் குறை, வெயிலில் போகாதே, ஒரு வாரம் கழித்து வா. மாத்திரை வாங்கிக்கொண்டு செல்லியம்மா எழுந்தாள். டாக்டரம்மா அடுத்த பெண்ணுக்கு வயிற்றைக் கிழித்துப் பிள்ளை எடுக்க ஆபரேஷன் அறைக்குள் போய்விட்டார்.

தாட்சாயணி துடைப்பத்தை எடுத்தாள். கை பெருக்கியது, மனசு பெருக்கவில்லை. சொன்னதைத்தான் சொன்னேன், கூட்டவில்லை, குறைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நல்ல வேலைக்காரி என்று ஒரு சமாதானம். சீ, என்ன சமாதானம்!

ஜன்னல் வழியாகப் பார்த்தாள். வாசல் குழாயடியில் செல்லியம்மா மாத்திரை போடத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் ஒரு பக்கம் கொட்டுகிறது, டம்ளர் ஒரு சாண் தள்ளி நிற்கிறது. டம்ளர் நிறையும் நிறையும் என்று அந்தப் பெண் பொறுமையாகக் குனிந்து காத்திருந்தாள். பிறகு காலி டம்ளரை வாயில் வைத்தாள். தண்ணீர் இல்லை என்று தெரிந்ததும், யாராவது பார்த்துவிட்டார்களோ என்று சுற்றிலும் திரும்பிச் சிரித்தாள்.

தாட்சாயணி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"செல்லியம்மா, என்னைப் பாரு. நோவு எவ்ளோ கீது, உண்மைய சொல்லு."

"அதான் சொன்னனேக்கா. கொஞ்சம்."

இப்படிக் கேட்டால் பதில் வராது என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. அந்தப் பெண்ணின் வாய்மேல் யாரோ ஒரு மாமியாரின் கை இன்னும் இருந்தது. தாட்சாயணி தலையைத் தூக்கி மலையைப் பார்த்தாள். அப்போதுதான் அது தோன்றியது.

"மலை ஏறிக்கிறயா நீ?"

"கண்ணாலத்துக்கு மின்னாடி ஏறிக்கிறேன்க்கா. நடந்தே."

"சரி, நோவுன்னு சொல்ல வேணாம். மலை மேல போய்க்கினு கீறேன்னு வெச்சிக்கோ. இப்போ எங்க கீற? அலிபிரியில கீறயா?"

செல்லியம்மா இல்லை என்று தலையாட்டினாள்.

"காலிகோபுரம்?"

அதற்கும் இல்லை. தாட்சாயணி மூன்றாவதைக் கேட்கவில்லை. செல்லியம்மாவே சொன்னாள்.

"முழங்கால் முறிச்சான் எப்பவோ தாண்டிட்டேன்க்கா. காலையிலயே தாண்டிட்டேன். படியே தெரியலக்கா, எல்லாம் இருட்டிக்கினு வருது." சொல்லிவிட்டு, சொல்லக் கூடாததைச் சொல்லிவிட்டோமோ என்று பயந்து தன் கையாலேயே வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இங்கயே குந்து. நவுராத," என்று சொல்லிவிட்டு தாட்சாயணி உள்ளே பறந்தாள்.

ஆபரேஷன் அறைக் கதவை ஆயாக்கள் திறக்கக் கூடாது. திறந்தாள். விளக்குக்குக் கீழே டாக்டரம்மா குனிந்திருந்தார். கையில் கத்தி.

"டாக்டர், தலைவலி வந்த பெண். வெரி."

டாக்டரம்மா நிமிரவில்லை. "நீ ஸ்லைட்லி என்று சொன்னாய்."

"அவள் ஸ்லைட்லி என்று சொன்னாள், டாக்டர்."

"இப்போது மாற்றிச் சொன்னாளா?"

பொய் சொல்லியிருக்கலாம். ஆமாம் என்று ஒரே ஒரு தலையாட்டல் போதும். ஆனால் டாக்டரம்மாவிடம் பொய் சொல்லி அவளுக்குப் பழக்கமில்லை. குழாயடியில் நடந்ததை விளக்க அந்தக் கதவருகில் நேரமும் இல்லை, அவ்வளவு இங்கிலீஷும் இல்லை.

"இல்லை டாக்டர். வெரி என்று அவள் சொல்லமாட்டாள்."

"அப்படியானால் அந்த வெரி யாருடையது?"

"என்னுடையது, டாக்டர்."

நர்ஸுகள் இருவரும் முகமூடிக்கு மேலே கண்ணை அகல விரித்தார்கள். டாக்டரம்மா கையை நிறுத்தவில்லை. "இவள் வயிறு திறந்திருக்கிறது. இதைப் போட்டுவிட்டு நான் ஓட முடியாது. ஏற்கனவே ஒரு தடவை உன் பேச்சைக் கேட்டு ஓடினேன். கதவைச் சாத்து," என்றார்.

கதவைச் சாத்தினாள். வாசலுக்கு வந்து பார்த்தால் குழாயடியில் யாரும் இல்லை. முனியப்பன் பெண்டாட்டியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

நகரிக்கு இரண்டு மணி நேரம். அங்கிருந்து வண்டிப் பாதை. அதற்கப்புறம் ஹர்த்தால். வழியில் எங்கேயாவது அந்தப் பெண் விழுந்தால், கேட்க நாதியில்லை. தாட்சாயணி வேலை நேரத்தில் வாசலைத் தாண்டியது அதுவே முதல் தடவை. காவல்காரன் நாகபூஷணம், "எங்கே போறே? வேலைய விட்டுட்டுப் போனா தலை போவும்," என்று பின்னாலிருந்து கத்தினான். போகட்டும் என்று ஓடினாள்.

பஸ் ஸ்டாண்டில் கால் வைக்க இடமில்லை. நாளைக்குப் பஸ் இல்லை என்று தெரிந்ததும் ஊரே அந்த ஒரு பஸ்ஸில் ஏறப் பார்த்தது. செல்லியம்மா உள்ளே, ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்து உட்கார்ந்திருந்தாள். முனியப்பன் படிக்கட்டில் தொங்கிக்கொண்டு நின்றான்.

"இறங்குய்யா! அவளுக்கு ஒடம்பு சரியில்ல. ஆஸ்பத்திரிக்குத் திரும்பு."

"டாக்டரம்மாவே போன்னு சொல்லிட்டாங்களே. நீ யாரு நடுவுல? இந்த பஸ்ஸ வுட்டா நான் எங்க போய்த் தங்குவேன், உன் தலை மேலயா?"

"தலை மேலயே தங்கு. மொதல்ல இறங்கு."

கண்டக்டர் ரங்கையா விசில் ஊதினார். "ஏமம்மா, எக்கேதானிவா, திகேதானிவா?" என்று தெலுங்கில் எரிந்து விழுந்தார், ஏறுகிற ஆளா, இறங்குகிற ஆளா என்று. அவரிடம் நியாயம் பேசினாள். அறுபது பேர் காத்திருக்கிறபோது எந்த நியாயம் எடுபடும்? டிரைவர் வண்டியைக் கிளப்பிவிட்டார். வண்டி உறுமியது.

படிக்கட்டின் ஓரத்தில், முனியப்பனின் காலடியில், அவர்களுடைய துணிமூட்டை இருந்தது. இரண்டு புடவை, ஒரு வேட்டி, ஒரு பித்தளைச் செம்பு. அந்தக் குடும்பத்துக்குச் சொத்து என்று இருந்ததில் பாதி அதற்குள்தான். தாட்சாயணி யோசிக்கவில்லை. மூட்டையைப் பிடுங்கினாள், கக்கத்தில் வைத்தாள், ஆஸ்பத்திரியைப் பார்த்து விறுவிறுவென்று நடந்தாள்.

"ஏய்! திருடி! மூட்டைய வெச்சிட்டுப் போடி!"

முனியப்பன் குதித்துவிட்டான். அவன் குதித்ததைப் பார்த்து செல்லியம்மாவும் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு தட்டுத்தடுமாறி இறங்கினாள். பஸ் அவர்கள் இல்லாமல் போயே போய்விட்டது.

தாட்சாயணி ஓடவில்லை. ஓடினால் அந்தப் பெண்ணும் ஓடி வருவாள். அவள் நடையின் வேகத்துக்குத் தன் நடையை அளந்து, பிடிபடாமலும், தொலைந்து போகாமலும் நடந்தாள். முனியப்பன் ஒரு தடவை எட்டிப் பிடித்து முதுகில் ஓங்கி ஒரு குத்து விட்டான். முந்தானை கிழிந்தது. மூட்டையை விடவில்லை. தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. "புடி, புடி" என்று சிலபேர் பின்னாலேயே வந்தார்கள். பின்னால் செல்லியம்மா சுவரைத் தடவித் தடவி வந்துகொண்டிருந்தாள். சாமி, இன்னும் கொஞ்ச தூரம், விழுந்துடாதடி, என் கண்ணே, விழுந்துடாத என்று தாட்சாயணி வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டு நடந்தாள்.

ஆஸ்பத்திரி வாசலைத் தாண்டியதும் மூட்டையைக் கீழே போட்டாள். முனியப்பன் அடிக்கக் கையை ஓங்கினான். அந்தக் கை அப்படியே நின்றது. அவனுக்குப் பின்னால் செல்லியம்மா ஒரு சத்தம் போட்டாள், மனுஷச் சத்தமாகவே இல்லை. உடம்பு விறைத்தது. கண் மேலே சொருகியது. சாய்ந்தவளைத் தரையில் விழாமல் தாட்சாயணி தாங்கினாள். வாயில் நுரை தள்ளி, கையும் காலும் வெட்டி வெட்டி இழுத்தன.

"டாக்டர்!" என்று அடிவயிற்றிலிருந்து கத்தினாள். வேறொன்றும் சொல்லவில்லை.

ஆபரேஷன் முடித்து வராந்தாவில் கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மா திரும்பிப் பார்த்தார். சோப்பு நுரையோடு, குழாயைக்கூட மூடாமல், அந்த ஐம்பது வயசுக்காரர் ஓடி வந்தார்.

அப்புறம் யாருக்கும் பேச நேரமில்லை. துணி சுற்றிய கரண்டியைப் பல்லுக்கு நடுவில் கொடுத்தார்கள். ஊசி போட்டார்கள். ஜன்னலுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டி இருட்டாக்கினார்கள், வெளிச்சம் பட்டால் மறுபடி இழுக்கும் என்று. மறுபடியும் இழுக்கத்தான் செய்தது, இரண்டு தடவை. தாட்சாயணி அந்தப் பெண்ணின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். முனியப்பன் மூட்டையைக் கட்டிக்கொண்டு வாசலில் உட்கார்ந்து அழுதான். விடிகிற நேரத்துக்கு ஆயுதம் போட்டுப் பிள்ளையை எடுத்தார்கள். பெண். உள்ளங்கை அகலம்தான் இருந்தது. தட்டினார்கள், தட்டினார்கள், ஒரு வழியாக அழுதது. தாயும் பிழைத்துக்கொண்டாள்.

காலை ஏழு மணிக்கு தாட்சாயணி தகர அறைக்குப் போய்த் தன் பெட்டியை எடுத்து வைத்தாள். அனுமதி இல்லாமல் கதவைத் திறந்தது, ஒரு சொல் கூட்டியது, வேலையை விட்டு ஓடியது, திருடியது. இதில் எதற்கு வேலை போகும் என்றுதான் தெரியவில்லை. நாலுக்கும் சேர்த்துப் போகட்டும். பெட்டியைப் பூட்டப் போனபோது வாசலில் நிழல் தட்டியது. டாக்டரம்மா. கையில் செல்லியம்மாவின் சீட்டு. அதைத் தாட்சாயணியிடம் நீட்டினார்.

முதல் வரியில் நேற்றைய எழுத்து: நோயாளி சொல்வது, ஸ்லைட்லி. அதற்குக் கீழே, இன்னும் மை காயாமல், புதிதாக ஒரு வரி: தாட்சாயணி சொல்வது, வெரி.

"இனிமேல் எல்லாச் சீட்டிலும் இந்த இரண்டாவது வரி இருக்கும். பெட்டியைத் திற," என்றார். "நீ சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும். அவளிடம் என்ன கேட்டாய்? எப்படிச் சொல்லவைத்தாய்?"

தாட்சாயணி மலையைக் காட்டிச் சொன்னாள். அலிபிரி, காலிகோபுரம், முழங்கால் முறிச்சான். பிறகு கங்கம்மாவைப் பற்றியும், வாயைப் பொத்துகிற மாமியார் கையைப் பற்றியும் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திக்கித் திக்கிச் சொன்னாள்.

"அந்தக் கையைப் பற்றி உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்கும் ஒன்று இருந்தது, டாக்டர். ஓலைப்பாக்கத்தில். பன்னிரண்டு வருஷம் ஆகிறது." கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியின் பூட்டைத் திருகினாள். "மூன்று நாள் நோவு. மாமியார் பொன்னியம்மாள் பக்கத்திலேயே இருந்தாள். இரண்டாவது நாள் நைனா ரேணிகுண்டாவிலிருந்து வந்தார். ரயிலில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றுதான் வந்தார். வாசலில் நின்று, ரொம்ப நோவுதாம்மா என்று கேட்டார். கொஞ்சம்தான் நைனா என்றேன். அப்போது யாரும் என் வாயைப் பொத்தவில்லை, டாக்டர். நானேதான் சொன்னேன். அவர் நம்பிவிட்டார். சாயங்கால ரயிலில் டியூட்டிக்குத் திரும்பிவிட்டார். மறுநாள் பிள்ளை செத்துப் பிறந்தது. பையன்."

"உனக்கு வலி கடுமையாக இருந்திருக்குமே?"

"ஸ்லைட்லி, டாக்டர்," என்றாள் தாட்சாயணி. சொல்லிச் சொல்லிப் பழகின வாய், தானாகச் சொல்லிவிட்டது.

டாக்டரம்மா அவளையே பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, தன் வாழ்க்கையில் முதல் தடவையாகத் தமிழில், உடைந்த தமிழில் கேட்டார்.

"தாட்சாயணி. மலை. நீ எங்கே?"

தாட்சாயணி மலையைப் பார்த்தாள். ரொம்ப என்ற சொல்லுக்குத்தான் அவள் வாயில் பூட்டு. இந்தச் சொல்லுக்கு எந்த மாமியாரும் பூட்டுப் போடவில்லை, எந்தக் கங்கம்மாவுக்கும் இது தெரியாது.

"வெரி, டாக்டர்," என்றாள். "வெரி. வெரி." அப்படியே தரையில் உட்கார்ந்து, பன்னிரண்டு வருஷத்துக்கும் சேர்த்து வாய்விட்டு அழுதாள்.

வெரி என்றால் ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தவர் டாக்டரம்மா. வார்டில் இருபது பேர் காத்திருந்தார்கள், நர்ஸ் வந்து இரண்டு தடவை கூப்பிட்டுவிட்டுப் போனாள். அவர் எங்கும் ஓடவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, அந்தத் தகர அறையின் சாணி மெழுகிய தரையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தார்.